மீசை வைத்த பூசணிக்காய்

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டோரம் அப்பா வீடு கட்டி முடித்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பால்காய்ச்சுக்கு ஊரையே அழைத்திருந்தார்கள். வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒரே ஆள் பெரியப்பாதான். பாகப்பிரிவினையில் ஒரு கிணற்றை முன்னிட்டு அண்ணன் தம்பி பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் அழைத்ததற்கு, "பாப்போம்" என்று ஒற்றை வார்த்தைதான் வந்ததாம். வரமாட்டார் என்றே அம்மா அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டாள்.

பெரியவர்கள் சண்டை எங்கள் விளையாட்டைத் தொடவில்லை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, முந்தின நாள் மத்தியானமே புது வீட்டுக்கு வந்துவிட்டான். என் சிநேகிதி கோமதியும் வந்தாள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோமதி என்பதால் இவளைத் தறிக்கார வீட்டுக் கோமதி என்போம். சமையலுக்கு வேண்டிய பூசணிக்காய்களை மாமா மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். திருஷ்டிக்குத் தடியங்காயில், அதாவது வெள்ளைப் பூசணியில், கரியால் முகம் எழுதித் தொங்கவிடுவதுதான் வழக்கம். பூசணியைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தால் முழி மின்னுமே என்று மாமா பேச்சுவாக்கில் சொன்னார். நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

முழுப் பூசணியைப் பெண்பிள்ளை முதலில் வெட்டக்கூடாது என்று அம்மா தடுத்ததால் முதல் வெட்டை மாமா போட்டார். மற்றதெல்லாம் என் கைவேலை. அண்ணன் காயை அணைத்துப் பிடித்தான். கோமதி கரண்டியால் விதையை வழித்தெடுத்தாள். நான் பேனாக்கத்தியால் கண்ணும் மூக்கும் பல்லும் வெட்டினேன். பிறகு தேங்காய் நாரை முறுக்கி, ஈர்க்குச்சியால் குத்தி நிறுத்தி, இரண்டு முனையையும் மேலே தூக்கிவிட்டேன்.

அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஏட்டி, இது எங்கப்பால்லா" என்றான்.

அப்படியேதான் இருந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய மீசை அது ஒன்றுதான். எட்டிப்பார்த்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. தன்னைத் திருஷ்டிப் பொம்மையாக வாசலில் வைத்திருக்கிறார்கள் என்று பெரியப்பா காதுக்குப் போனால் உள்ளதும் அற்றுப்போகும், உடனே மீசையைப் பிடுங்கு என்றாள். நான் காயைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்பா வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டும். நம்ம வீட்டு வாசல்ல அண்ணாச்சி நிக்காம வேற யாரு நிப்பா?"

அவரே அதைத் தூக்கி வாசற்படி ஓரத்தில் வைத்தார். ராத்திரி, கடையெல்லாம் அடைத்த பிறகுதான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினான். அவன் வாயில் எதுவும் தங்காதே என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

மறுநாள் இருள் பிரியுமுன் நல்ல நேரம். அப்பா பூசணிக்குள் அகலை ஏற்றிவைத்தார். கண்ணும் பல்லும் தகதகத்தன. அந்த நேரத்தில்தான் பெரியப்பா, பெரியம்மையும் அண்ணனும் பின்தொடர, வந்து சேர்ந்தார். படியருகே அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு செஞ்சது?"

"நாந்தான்" என்றேன். பயமே வரவில்லை, அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அவர் குனிந்து நார் மீசையின் ஒரு முனையை மெல்ல முறுக்கித் தூக்கிவிட்டார். "இடது பக்கம் எறங்கிக் கெடந்துச்சு மக்கா" என்று தன் மீசையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

அன்று முழுவதும் வந்தவர்களிடமெல்லாம், பெரியப்பாவை வரவழைத்தது என் பூசணிக்காய்தான் என்று சொல்லித் திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை. பெரியப்பாகூட ஆமாம் என்று தலையாட்டினார். அவர் கொண்டுவந்திருந்த புதுக் குத்துவிளக்கை ஏற்றித்தான் பால் காய்ச்சினார்கள். அதன் அடியில் அப்பா பேரும் அம்மா பேரும் வெட்டியிருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டியதும் நானே. அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு விடியும்வரை எந்தப் பாத்திரக் கடையும் திறந்திருக்காது என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.