தூங்கும் வீட்டுக்கு ஒரு ஹெட்போன்

ஹெட்போன் விற்கிறவளுக்குக் காது இருக்கக் கூடாது. ஊரார் வீட்டுக் கதையெல்லாம் அதில்தான் வந்து விழும். நான் நிற்கும் கடை கோல் மார்க்கெட் பக்கம். தில்லியில் கோடை முழுக்கக் கூலர் போடும் இரைச்சலில், பக்கத்தில் யார் என்ன கேம் ஆடினாலும் தெரியாது. தீபாவளி கழிந்து கூலரை மூடி வைத்ததும் சின்னக் குவார்ட்டர்ஸில் துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அதுதான் எங்கள் சீசன். கவுண்டரில் நின்று காய்ந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

மினுக்கும் ஹெட்போன்

ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன். அப்பா தூங்கும் அறையிலேயே ஆடுவானாம். சாதாரணமாக ஒன்று காட்டினேன். அழகு போதாதென்று, சிவப்பும் நீலமுமாக மினுக்கும் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிப் போனான். இரண்டாம் நாளே வந்து நின்றான். சத்தம் துளிகூட வெளியே வரவில்லையாம். அப்பாதான் ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று பதறி எழுந்தாராம்.

"அக்கா, லைட்டை மியூட் பண்ற பட்டன் எது?"

சத்தம் ஒழுகுகிறதாம்

செந்தில் திருநெல்வேலிக்காரர், சர்க்கார் உத்தியோகம், லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். ராத்திரியெல்லாம் கேம். மனைவி சுமதி நர்ஸ். விடியுமுன் டியூட்டிக்குக் கிளம்ப வேண்டும். தூக்கம் கெட்டால் ஊசி போடும் கை நடுங்குகிறது, இப்படியே போனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிடுவேன் என்று சொல்லிவிட்டாளாம். இவர் கேட்டதோ இருப்பதிலேயே சல்லிசானது. காதை முழுக்க மூடுகிற மாதிரி ஒன்று கொடுத்தேன்.

அடுத்த வாரமே சண்டைக்கு வந்துவிட்டார். சத்தம் ஒழுகுகிறதாம், சுமதி தூங்கவே இல்லையாம். இங்கேயே மாட்டிக்கொண்டு ஆடுங்கள் என்றேன். ஆரம்பித்ததுதான் தாமதம், "பையா, பின்னால வாரான், ஜல்தி!" என்று ஆட்டக் கூட்டாளிக்கு அவர் போட்ட கூச்சலில் எதிர்க்கடை டீக்காரர் எட்டிப் பார்த்தார். காதை அடைத்துக்கொண்டால் தன் குரல் தனக்கே தெரியாது என்பது இந்த மகாராஜாக்கள் ஒருவருக்கும் புரிவதில்லை. கழற்றிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"நான் வாயே தொறக்கலியேக்கா."

சுமதி வந்தாள்

மறுநாள் சுமதியே வந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்போடு. பார்க்கப் பாவமாக இருந்தது. செந்தில் மேல் ஆத்திரமாகவும் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஆடச் சொல்லேன் என்றேன். கல்யாணமானதிலிருந்து அதைத்தான் சொல்கிறாளாம். வெளிச் சத்தத்தை அடக்குகிற, படுத்தால் உறுத்தாத ஒன்றை, கடையிலேயே விலை கூடினதாகப் பார்த்து எடுத்தாள். பாப்பா அழுதாலும் உனக்குக் கேட்காதே அம்மா என்றேன். வீட்டுக்காரரின் கார்டை நீட்டினாள்.

"அவுகதான் முழிச்சிருக்காகல்லா, அவுகளே பாத்துக்கிடட்டும்."

ஒற்றைக் காது

போன வாரம் செந்தில் மறுபடி வந்தார், சட்டைத் தோளில் பால் கறையோடு. சுமதி இப்போது அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறாளாம், ஊருக்குப் போகும் பேச்சே இல்லையாம். இவர்தான் ஹெட்போன் மாட்டினால் பாப்பா அழுவது கேட்காமல் தவிக்கிறார். கத்தினாலோ பாப்பா எழுந்துகொள்கிறாள். தூங்க வைப்பதும் இவர் பாடு. அதனால் இப்போதெல்லாம் மூச்சுக் காட்டாமல் ஆடுகிறாராம். பெண்டாட்டி சொல்லிச் சொல்லி ஓய்ந்த பாடம் இந்த மனுஷனுக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டது பாருங்கள்.

"அக்கா, ஒத்தக் காதுக்கு மட்டும் ஏதாச்சும் சல்லிசா இருக்கா?"

சத்தம் வெளியே வராத ஹெட்போன் எங்களிடம் எத்தனையோ ரகம் உண்டு, ஆனால் குழந்தை அழுதால் எழுந்திருக்க வேண்டியது யார் என்று வீட்டில் முடிவான பிறகுதான் அதில் எதுவும் வேலை செய்யும்.