எவ்வளவு உறிஞ்சியது

எங்கள் பிரசவ வார்டு உதவியாளரை எல்லாரும் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டார். ரத்தத்தில் நனைந்த துணிகளை எடை போடுவது அவர் வேலை. நனைந்த எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால், கிராமுக்கு ஒரு மில்லி என்ற கணக்கில், தாய் இழந்த ரத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், எந்தத் துணி காய்ந்திருந்தால் எத்தனை கிராம் என்பது அவருக்குத் தலைகீழாகப் பாடம்.

அக்காவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இரண்டே வார்த்தை. எங்கள் படிவத்தில் ‘சோக்ட் அப்’ என்று ஒரு கட்டம் உண்டு. துணி உறிஞ்சியது என்று அர்த்தம். அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எப்போதோ யாரையோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். டாக்டர்கள் அந்தக் கட்டத்தில் ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ என்று கிறுக்கினால் படிவத்தோடு திரும்பி வந்து நிற்பார்.

“சோக்ட் அப்னா எது உறிஞ்சிச்சு, எதை உறிஞ்சிச்சு, எவ்வளவு உறிஞ்சிச்சு, மூணும் வரணும் டாக்டர். ஓரளவுன்னா அது எந்த அளவு?”

பெரிய படிப்புப் படித்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை எழுதுவார்கள். நர்ஸான எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். அவர் சொல்வது சரியாக இருந்து தொலைப்பதுதான் காரணம்.

போன மாதம் அவர் மகளுக்கு எங்கள் வார்டிலேயே பிரசவம். சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அக்கா கதவுக்கு வெளியே, தராசு வைத்திருக்கும் நடையில் நின்றார். காலை பத்து மணிக்குக் குழந்தை பிறந்தது. அதன் பிறகும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது குறைவுதான். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முந்நூறு மில்லி இருக்கும்” என்றார். பயப்படும் அளவில்லை. நானும் எழுதினேன். எடை போடும் ஆள் வெளியே நின்றதால், எடை என்ற ஒன்றே எங்களுக்கு மறந்துபோயிற்று.

“எடை போட்டீங்களா?” என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அம்மாவா கேக்கறீங்களா, ஸ்டாஃபா கேக்கறீங்களா?” என்றார் டாக்டர்.

“யாரா இருந்தா என்ன டாக்டர்? துணியைக் குடுங்க.”

அந்தப் பெண்ணுக்கு அடியிலிருந்த தடித்த விரிப்பை உருவியபோதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தேன். அக்கா ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு உள்ளே கேட்கும்படி, வழக்கமான குரலில் சொன்னார்.

“விரிப்பும் துணியுமா சேர்ந்து ரத்தம் ஆயிரத்து நூறு மில்லி உறிஞ்சியிருக்கு.”

டாக்டரின் முகம் மாறியது. ஊசி, ரத்தப் பை, இன்னொரு டாக்டர் என்று ஒரு மணி நேரம் ஓட்டமாக ஓடினோம். ரத்தம் நின்றது. வெளியே வந்து பார்த்தால், அக்கா இரண்டு கையாலும் தராசு மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தார். சேதி சொன்ன பிறகும் கையை எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

மகள் பிழைத்தாள். ஆனால் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

“பெத்த பொண்ணு உயிருக்குப் போராடிட்டு இருக்கேன் சிஸ்டர். ‘ஐயோ’ன்னு ஒரு வார்த்தை வரல. மளிகைக் கடையில சொல்ற மாதிரி எடையைச் சொல்றாங்க. கல்லு மனசு.”

நான் அவளுடைய படிவத்தை எடுத்துவந்து, அடித்துத் திருத்தியிருந்த எண்ணைக் காட்டினேன்.

“இந்த முந்நூறு என் கையெழுத்து. உள்ள இருந்த நாங்க யாரும் எடை போடலம்மா. உங்கம்மாவும் வெளிய நின்னு அழுதுட்டு இருந்திருந்தா, இத அப்படியே விட்டிருப்போம்.”

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அக்கா அழுக்குத் துணி எடுக்க வந்தார். மூன்று நாளாகச் செய்வதுபோல் மகளின் கட்டிலைப் பார்க்காமல் தாண்டப் போனார்.

“அம்மா” என்றாள் மகள். குழந்தையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, கட்டிலில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தாள்.