மெட்டில்டா மிஸ்ஸின் காலில் இருந்த கம்பி

மெட்டில்டா மிஸ்ஸுக்குக் கனவு காணக் காரணமே வேண்டாம். சேலையூரில் அந்தச் சின்னப் பள்ளியின் மாடியில், இரண்டாம் வகுப்பு ஜன்னலோரம் நின்றால் போதும். தாம்பரத்துக்கு வரும் ரயில் தூரத்தில் கூவும். சாக்பீஸும் கையுமாக மிஸ் எங்கேயோ போய்விடுவார்.

போன வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்து தொடையெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அதிலிருந்து மாடிப்படி அவருக்கு எமனாகிவிட்டது. வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேச வேண்டுமென்று ஹெச்.எம். சுந்தரவல்லியிடம் சொல்லிவைத்திருந்தார். அப்புறம் வீட்டில் தனியாக என்ன செய்வது?

அந்த வாரம் இரும்புப் பாடம். பெல்லாரியிலிருந்து தங்கை கொண்டுவந்த இரும்புத்தாதுக் கல்லைப் பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றினார். கையளவு சிவப்புக் கல்தான், அம்மாடி, என்ன கனம்! ரோஹிணி அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ரயில் ஓடுகிறதாம்.

"இந்தக் கல்லை உருக்கினா இரும்பு. தோசைக்கல்லு, கேட்டு, தண்டவாளம் எல்லாம் இதுலேருந்துதான்," என்றார் மிஸ், கண்ணுக்குள் செம்மலைகள் ஓட. "ஈரம் பட்டா துரு பிடிக்கும். அப்படியே விட்டா மெல்ல மெல்லப் பழையபடி கல்லு மாதிரி ஆயிடும். என் காலுக்குள்ளகூட ஒரு கம்பி இருக்கே!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. மிஸ் ஆட்டோவை விட்டு இறங்கினால், கேட்டருகே வகுப்பே நிற்கிறது. ரெயின்கோட், லஞ்ச் பை, யார் வீட்டு மேசை விரிப்போ, எல்லாவற்றையும் அவர் காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். மிஸ்ஸின் தலை தொப்பலாக நனைந்தது. அதைப்பற்றி யாருக்கும் கவலையில்லை.

"காலை மட்டும் நனைக்காதீங்க மிஸ்!" என்று நிகில் அதட்டினான்.

வகுப்பில் தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்தார். ரோஹிணி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "வேணாம் மிஸ். உள்ள போய் துரு பிடிச்சிடும். நீங்க கல்லாயிடுவீங்க." அவள் கண் நிறைந்திருந்தது.

ஐயோ, பிள்ளைகளை இப்படிப் பயமுறுத்திவிட்டோமே என்று மிஸ்ஸுக்குப் பதறியது. "இது துருப் பிடிக்காத கம்பிடா செல்லம். டாக்டருங்க பார்த்துத்தான் வெச்சிருக்காங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

யாரும் நம்புவதாக இல்லை. கூடிக் கூடிக் குசுகுசுத்தார்கள். கடைசியில் நிகில் எழுந்தான்.

"பயப்படாதீங்க மிஸ். நீங்க கல்லா ஆனாலும் உங்கள வெளிய போட மாட்டோம். ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம்."

மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழைக்குள் அவருக்குத் தெரிந்தது: ஒரு நாள் மாடம்பாக்கத்தில், மறுநாள் ராஜகீழ்ப்பாக்கத்தில், யார் யார் வீட்டிலோ டிவி பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது.

சாயங்காலம் ஹெச்.எம். கேட்டார்: "என்னமோ பேசணும்னீங்களே, மெட்டில்டா?"

"ஆமா மேடம். மாடி ஏற முடியல. கிளாஸைக் கீழ மாத்திக் குடுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பிள்ளைங்க என்னோடதான் வருவாங்க. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."