வயிற்றுக்கு நல்ல கிருமி, கைக்கு நல்ல பவுடர்

மருந்துக்கடைக்கு யாரும் சுகம் விசாரிக்க வருவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். கல்முனையில் அப்படியொரு கடைக் கவுண்டருக்குப் பின்னால் நான் பல வருசம் நின்றேன். நீங்களும் எங்காவது அப்படி நின்று பிழைத்தவர் என்றால், இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இராது.

முகாமுக்கு வந்த டின்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து மூன்று வாரம் இருக்கும். எங்கள் கடை தப்பியிருந்தது. பள்ளிக்கூட முகாமில் இருந்தவர்கள் நிவாரணத்தில் கிடைத்த சாமான்களைக் கொண்டுவந்து, இது என்ன, இதை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒருநாள் முகாமில் சமையலைப் பார்த்துக்கொண்ட பல்கீஸ் ராத்தா பெரிய கறுப்பு டின் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். வெளிநாட்டுப் பெட்டிக்குள் இருந்ததாம். பால்மா என்று நினைத்து எல்லோருக்கும் கரைத்துக் கொடுத்துவிட்டார். குடித்த அத்தனை பேருக்கும் வயிற்றோட்டம். முகாமில் இருந்ததோ இரண்டே இரண்டு கக்கூஸ்.

வாசித்துப் பார்த்தேன். உடற்பயிற்சி செய்கிறவர்கள் களைப்பு ஆறக் குடிக்கும் பவுடர். ‘கடுமையாக ஓடிய பிறகு அரைமணி நேரத்துக்குள் குடிக்கவும்’ என்று போட்டிருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். ராத்தா டின்னைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “ஓடினது மெய்தான் தம்பி. ஆனா இவனுகள் மூணு கிழம பிந்தியெல்லோ அனுப்பி இரிக்கானுகள்” என்றார்.

உயிருள்ள கெப்சியூல்

பிறகு, நாட்டில் போர் மறுபடி மூண்டு சண்டை நடந்துகொண்டிருந்த நாளில், டொக்டர்மார் வயிற்றுக்கு ‘நல்ல கிருமி’ என்று ஒரு கெப்சியூல் எழுதத் தொடங்கினார்கள். ஒரே காலையில் இரண்டு பேர் அந்த மருந்து எழுதிய துண்டோடு வந்தார்கள். ஒருவர் நற்பிட்டிமுனை ஹாஜியார், மற்றவர் பாண்டிருப்புக் கந்தையா அண்ணன். அடுத்தடுத்த வயல்காரர்கள். முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் இடையில் பிரச்சினை வந்த நாளிலிருந்து ஆளையாள் பார்த்துக் கதைப்பதில்லை. கடையில் இருந்த ஒரே வாங்குப் பலகையில் இந்த முனையில் ஒருவரும் அந்த முனையில் ஒருவருமாக இருந்தார்கள்.

ஹாஜியாருக்குக் கெப்சியூலின் கோதில் சந்தேகம். எந்த மிருகத்தின் தோலில் செய்தது, ஹலாலா என்று கேட்டார். கந்தையா அண்ணனுக்கு உள்ளே இருக்கிற கிருமியில் சந்தேகம். அது உயிரோடு இருக்கிறதென்றால் வெள்ளிக்கிழமை விரதத்தில் விழுங்கலாமா, மச்சம் மாமிசக் கணக்கில் வருமா என்று கேட்டார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த கடதாசியை இரண்டு தரம் வாசித்தும் இரண்டுக்கும் பதில் இல்லை. டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் தயிர் சாப்பிடுங்கள் என்றேன். தன் வீட்டில் எருமை நிற்கிறது என்று கந்தையா அண்ணன் என்னிடம்தான் சொன்னார். ஹாஜியார் மெல்ல அந்த முனைக்குத் திரும்பினார். “கந்தையா, நமக்கு ரெண்டு பேருக்கும் பொதுவா மிஞ்சினது இந்த வயித்தோட்டம் மட்டும்தான் போல. நாளைக்கு எனக்கும் ஒரு சட்டி தயிர் கொண்டு வாங்க.”

ஜன்னல் இல்லாத ஜிம்

சண்டை முடிந்தது. வீதித் தடைகள் எடுபட்டன. ஊரில் ஜிம் திறந்தார்கள். நிசார் மாஸ்டருடைய ஜிம் முன்பு நெல் அடுக்கிய அறை, ஜன்னல் கிடையாது. பொடியன்மார் பச்சை முட்டையும் பாலும் அந்த டின் பவுடருமாகக் கலக்கிக் குடித்துவிட்டு அங்கேதான் குனிந்து நிமிர்ந்தார்கள். நாலாம் நாள் மாஸ்டர் என்னிடம் வந்தார். மூக்கை லேஞ்சியால் பொத்தியிருந்தார். “இவனுகள்ட வாயுவுக்கு மருந்து இரிக்கா, இல்லையா? இல்லையெண்டா இப்பவே சொல்லுங்க, நான் செவர இடிக்கப் போறன்.”

றிபாஸின் கை

அதே ஜிம்மில் றிபாஸ் என்று ஒருவன் இருந்தான். இருபத்திரண்டு வயது. நெஞ்சு, வயிறு எதற்கும் பயிற்சி செய்யமாட்டான். கம்பியில் தொங்குவான், கைக்குள் ஸ்பிரிங் வைத்து அமத்துவான். அவ்வளவுதான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பவுடர் குடித்தால் அன்று முழுக்க வயிற்றோட்டம். ஆனாலும் டின் முடிந்ததும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு அடுத்ததுக்கு வந்து நிற்பான்.

மூன்றாவது தடவை நான் டின்னைக் கொடுக்கவில்லை. உன் வயிறு பழுதாகிப் போகும், கைக்கு மட்டும் இவ்வளவு எதற்கு என்று ஏசினேன். அவன் கோபிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் கவுண்டரில் வைத்தான். தோல் உரிந்து காய்த்துப் போயிருந்தது. “வயிறு போனாப் போகட்டும் காக்கா. கடல் வந்த அண்டைக்கு தங்கச்சிய விட்டது இந்தக் கைதான். இப்ப எனக்கு மகள் ஒண்டு பொறந்திரிக்கா.”

பதில் தெரியாத எல்லாவற்றுக்கும் ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று எழுதிக்கொடுப்பதுதான் எங்கள் தொழிலின் வழக்கம் என்பதால், பால் சேராத டின் ஒன்றைத் தேடி எடுத்து அதிலும் அப்படியே எழுதிக்கொடுத்தேன்.