பின்சீட்டில் ஒரு மூச்சு

என் தம்பி மனைவியை எங்கள் வேலைக்கூடத்தில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடம் அது. ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நாங்கள் வரிசையாக நிற்போம். தட்டு வரும். ஒருத்தி ரொட்டி வைப்பாள், அடுத்தவள் வெண்ணெய், அடுத்தவள் பழக்கிண்ணம். கடைசியில் நின்று கரண்டிப் பொட்டலம் வைத்தவள் இவள். சொந்த நாட்டில் எழுபது பேரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் மலைகளுக்கு நடுவே பத்திரமாக இறக்கிய கை அது. "என்ன கேப்டன், இன்னைக்கு எங்க பயணம்?" என்று மேற்பார்வையாளர் கேட்டால், "பெல்ட்டு போற எடத்துக்கு" என்பாள். முகம் கொஞ்சமும் மாறாது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான். இந்த நாட்டுக்கு முதலில் வந்தவளும் நான்தான். அப்புறம் தம்பியை வரவழைத்தேன். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். அவனுக்குப் பின்னால் இவள் வந்தாள். கீழே நான், மாடியில் அவர்கள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே அடுப்படியில் நின்றால் என்ன நடக்கும் என்று சொந்தக்காரர்கள் ஆவலாகக் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குச் சமைக்க வராது, எனக்கு வரும். சண்டைக்கு வழியே இல்லாமல் போயிற்று.

அவள் ஊரில் வைத்திருந்த லைசன்ஸ் இங்கே செல்லாது. முதலில், அது உண்மையானதுதான் என்று பழைய நாட்டு அலுவலகம் எழுதி அனுப்ப வேண்டும். அதுவோ கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அது வந்த பிறகு இந்த நாட்டு வான் சட்டங்களில் எழுத்துத் தேர்வு. பிறகு மருத்துவச் சோதனை. கடைசியாக ஒரு தேர்வாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். சட்டப் புத்தகத்தை அவள் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனாள். "ஓட்டத் தெரியும் அண்ணி. தெரியாத மாதிரி முதல்லேருந்து படிக்கறதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள் ஒருநாள்.

மருத்துவச் சோதனையில் கண், காது, இதயம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சில கேள்விகள் கேட்டாராம். தூக்கம் எப்படி, மயக்கம் வந்ததுண்டா, இல்லாத சத்தமோ குரலோ காதில் விழுந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அது சத்தியம்.

ஓட்டிக் காட்டுவதற்கு முன் கொஞ்சம் கைபழக வேண்டும் என்று நகரத்துக்கு வெளியே ஒரு பறக்கும் பள்ளியில் சேர்ந்தாள். தேர்வுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் பொருத்திய விமானம் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு சீட்டு. வெள்ளை நிறம்; உள்ளே பழைய காருக்குள் வரும் வாசனை. அதில் ஏறிய முதல் நாளே ஹெட்செட்டில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

பக்கத்தில் இருந்த பயிற்சியாளருடைய மூச்சுதான் என்று முதலில் நினைத்தாள். மைக் வாய்க்கு மிக அருகில் இருந்தால் அப்படிக் கேட்பது சகஜமாம். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதும், அந்தப் பேச்சுக்கு அடியில், மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. அவள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். அது அடங்கவில்லை. பயிற்சியாளர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் காட்டிக்கொள்ளவில்லையா என்று தெரியாமல் இறங்கி வந்தாள்.

மெக்கானிக்கிடம் பொதுவாக, பின்சீட்டில் மைக் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று கேட்டாள். அவர் போய்ப் பார்த்தார். எதுவும் மாட்டியிருக்கவில்லை. கதவு இடுக்கில் காற்று நுழைகிறது போலிருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சுற்றியிருந்த ரப்பரை மாற்றினார். அடுத்த முறை அவள் தனியாகப் போனாள். என்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே, பேட்டரியை மட்டும் போட்டு ஹெட்செட்டை மாட்டியபோதே, மூச்சு கேட்டது. அப்போது வெளியே காற்று இல்லை. ஓடுபாதை ஓரத்துப் புல்கூட ஆடவில்லை.

எங்களிடம் அவள் இதைச் சொன்னது துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது. பயந்து சொல்லவில்லை, விமானத்தில் ஒரு கோளாறு என்பதுபோலத்தான் சொன்னாள்.

"தூங்குற மூச்சு அண்ணி. கார்ல ரொம்ப தூரம் போகும்போது பின்னாடி யாராவது அசந்து தூங்குவாங்கல்ல? அந்த மாதிரி."

தம்பி, "டிக்கெட் எடுத்தாச்சான்னு கேட்டியா?" என்றான். நான்கூடச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டு, இதை வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் எழுதிக் கொடுத்திருப்பதை மறந்துவிடாதே என்றான். அவளும் தலையாட்டினாள்.

அதன்பின் போகப் போக அவளுக்குப் பழகிவிட்டது. வளைவில் திருப்பும்போது மெதுவாகத் திருப்பினாள். ரேடியோவில் பேசும்போது குரலைத் தாழ்த்தினாள். தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. இதை அவள் வாயால் கேட்டபோதுதான் எனக்கு முதுகில் சில்லென்றது.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர், பேச்சு குறைவு. விமானத்தைச் சுற்றி வந்து அவள் சோதித்ததை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலியாக இருக்கும் பின்சீட்டுகளின் பெல்ட்டுகளை, ஆடாமல் இருப்பதற்காக, பூட்டி இறுக்கி வைப்பது வழக்கம். அதையும் செய்தாள். ஏறும்போது அவர் தன் தோல்பையைப் பின்சீட்டில் வைக்கவில்லை. ஒரு கணம் அங்கே பார்த்துவிட்டு, பையைத் தன் காலடியில் இடுக்கி வைத்துக்கொண்டார். கால் நீட்டக்கூட இடமில்லை. இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

மேலே போனதும் முதல் பாதி நன்றாகவே நடந்தது. மூச்சும் வழக்கம்போல இருந்தது. பிறகு அவர் கண்மறைப்பை மாட்டச் சொன்னார். நெற்றியில் மாட்டிக்கொள்ளும் நீளமான தட்டி அது. மாட்டினால் எதிரே உள்ள கருவிகள் மட்டும்தான் தெரியும்; கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாது. மேகத்துக்குள் ஓட்டத் தெரியுமா என்று பார்ப்பதற்காக இப்படி. அந்த நேரத்தில் வெளியே கண் வைத்திருக்கும் பொறுப்பு முழுக்கத் தேர்வாளருடையது. சொல்லாமல் மறைப்பைத் தூக்கினால் தேர்வு அத்தோடு போயிற்று.

உயரம், திசை, வேகம் என்று ஊசிகளையே பார்த்து அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் மூச்சு மாறியது. சீராக இருந்தது ஒரு இழுப்பில் நின்றது. பிறகு, தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிப்பவர்கள் நெஞ்சு நிறைய இழுப்பார்களே, அப்படி ஒரு மூச்சு. எதையோ பார்த்துவிட்ட மூச்சு.

அவள் மறைப்பைத் தூக்கிவிட்டாள். எதிரே, நேர் எதிரே, ஒரு கிளைடர். என்ஜின் இல்லாத அந்த வெள்ளை விமானம் சத்தமில்லாமல் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு வந்தது. அதை ஓட்டியவரின் தொப்பிகூடத் தெரிந்ததாம். விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளி வலது பக்கம் சாய்த்தாள். கிளைடரின் நிழல் இவர்கள் முகத்தின்மேல் விழுந்து கடந்தது. பக்கத்தில் பார்த்தாள். தேர்வாளர் வெளியே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஹெட்செட்டில் என்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. மூச்சு போயிருந்தது.

இறங்கி நிறுத்தி, விசிறி ஓய்ந்த பிறகும் அவர் கதவைத் திறக்கவில்லை.

"மறைப்ப ஏன் தூக்கினீங்க?" என்று கேட்டார்.

ஏதோ நிழல் தட்டியது, உள்ளுணர்வு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். "நான் கையெழுத்துப் போட்ட தாள் கண் முன்னால வந்து நின்னுது அண்ணி" என்றாள் பிறகு. ஆனால் கூடவே, அந்த மனுஷன் முகம் வெளுத்துப் போயிருந்ததையும் அவள் பார்த்தாள்.

"பின்னாடி இருந்தவங்க முழிச்சிட்டாங்க சார்."

 பிறகு அவளே கேட்டாள், நீங்க எதுக்கு சார் திரும்பினீங்க என்று.

"அதுக்குத்தான்" என்றார்.

அப்போதுதான் இருவரும் சேர்ந்து பின்னால் பார்த்தார்கள். அவள் பூட்டி இறுக்கியிருந்த இடது பக்கத்துப் பெல்ட் திறந்து, இரண்டு பட்டைகளும் சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. எழுந்து போகிறவர்கள் விட்டுப் போவதுபோல.

அன்று சாயங்காலம் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அவள் காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அது ஆறி ஆடை படிந்தது. கிளைடர் அவ்வளவு கிட்டே வந்ததைவிட வேறொன்றுதான் அவள் மனதைக் குடைந்தது.

"இருந்தது எனக்குப் பயமா இல்ல அண்ணி. நடு வானத்துல எங்க எறங்கினாங்க? அதுதான்."

 காபியை மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன்.

தேர்வாளர் நேர்மையான மனிதர். தேர்வு பாதியில் நின்றது என்று எழுதினார். வெளியே கண் வைக்காதது தன் தவறு என்றும், பின்னால் யாரோ விழித்த சத்தம் கேட்டுத் திரும்பியதாகவும் எழுதினார். அவள் சொன்னதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதன் விளைவாக அவருடைய தேர்வாளர் பொறுப்பை நிறுத்தி வைத்து, மனநலச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். பறக்கும் பள்ளியில் இது சிரிப்பாய்ச் சிரித்தது. பெரியவருக்குக் காதுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறதாம் என்று அங்கிருந்த கிளார்க் சொன்னதை அவள் நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

தம்பி தெளிவாகச் சொன்னான். "அவர் ஓட்டி முடிச்சவர். உனக்கு இனிமேதான். வாயத் தொறக்காத."

உள்ளதைச் சொல்கிறேன், நானும் அவன் பக்கம்தான் பேசினேன். இவ்வளவு நாள் கரண்டி அடுக்கியது இதற்கா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"அவர் என்னப் பத்தியும் எழுதியிருக்கலாம். எழுதல. அவர் மட்டும் பைத்தியம்னு பேர் வாங்கினா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த லைசன்ஸ வாங்கறது?"

மறுநாள் விமானத் துறை அலுவலகத்துக்குக் கிளம்பினாள். தனியே விட மனமில்லாமல் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். தரையோடு திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் பிடிக்கும் இயந்திரம், யார் போனாலும் தானாக எரிந்து, யாரும் இல்லையென்றால் தானாக அணையும் விளக்கு. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. முதல் நாளில் இருந்து எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகச் சொல்வதும் அதிகாரி தட்டச்சு செய்வதும் கேட்டது. முடிவில் தட்டச்சு நின்றது. அதிகாரி குரலைத் தாழ்த்தி, ஆணா பெண்ணா என்று கேட்டார். தூங்குகிற மூச்சில் அது தெரியாது சார் என்றாள் இவள். அப்போது எனக்குத் தலைக்குமேல் விளக்கு அணைந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அவளையும் சோதனைக்கு அனுப்பினார்கள். கேள்விமேல் கேள்வி, மூளையைப் படம் எடுப்பது, மறுபடி கேள்வி. மாதக் கணக்கில் இழுத்தது. அதுவரை பெல்ட் முன்னால் கரண்டிப் பொட்டலம்தான். மேற்பார்வையாளருக்கு விஷயம் எப்படியோ எட்டியிருக்க வேண்டும். எங்க பயணம் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். கடைசியில் டாக்டர் இரண்டு கோப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இருவருக்கும் உடம்பிலும் மனதிலும் குறை ஒன்றும் இல்லை என்று எழுதினார். ஒருத்தருக்குக் கேட்டால் நோய், இரண்டு பேருக்குக் கேட்டால் அது இயந்திரக் கோளாறு என்றாராம் சிரித்துக்கொண்டே.

அதனால் இயந்திரத்தைப் பிரித்தார்கள். மெக்கானிக் எல்லா ஒயர்களையும் உருவி எடுத்தார். எதிலும் பழுதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முழுதும் புதிதாகப் போட்டார். பின்சீட்டைக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார். அங்கே நாற்காலிக்குப் பஞ்சம். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தச் சீட்டில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை என்று அவள் சொன்னாள்.

மறுதேர்வுக்கு வேறொரு தேர்வாளர் வந்தார். ஓயாமல் பேசும் பெண்மணி. காற்றும் சாலைகளும் தன் வீட்டுப் பூனையும் என்று மேலே போய் வரும்வரை பேசினார். பேசாமல் இருந்த இடைவெளிகளில் அவள் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். எதுவும் இல்லை. தேறிவிட்டாள். லைசன்ஸ் தபாலில் வந்தது. பேருந்துப் பாஸ் மாதிரி ஒரு அட்டை. தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இப்போது அவள் பக்கத்து நகரங்களுக்குப் பார்சல் கொண்டு போகும் விமானம் ஓட்டுகிறாள்.

பெரியவருக்கும் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார், அவளுக்கு வாழ்த்துச் சொல்ல. கூடத்தின் நடுவே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதைத் தூக்கிப் போய்ச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வானிலை பற்றிப் பேசினார்கள், பார்சல் விமானம் பற்றிப் பேசினார்கள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது மட்டும் அவளிடம், "நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா, நானே என்னை நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

அன்று தம்பிக்கு மதிய ஷிப்ட். எங்கள் தெரு முனையில்தான் பேருந்து நிற்கும். நானும் அவளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பேருந்து கிட்டத்தட்ட காலி. அவர் ஏறி, தம்பிக்கு வணக்கம் சொல்லி, எல்லா வரிசைகளையும் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய், பின்னால் யாரும் உட்கார முடியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.