ருசி பார்க்காமல் வைத்த பீவர் கறி

எழுதப் பழகியவர்கள் எத்தனையோ பேர் இருக்க நான் பேனா எடுத்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியவை கடைச் சாமான் துண்டுகளும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட கடிதங்களும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம். ஆனால் நான் ஒருமுறை பீவர் இறைச்சி சமைத்தேன். நன்றாகச் சமைத்தேன். அதை வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஒஸ்லோவில் ஒரு பெரிய களஞ்சியத்தின் கன்ரீனில் அப்போது பன்னிரண்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். புருசெத்தில் ரயில் ஏறி, காலை ஆறரைக்குக் குசினியைத் திறப்பேன். பாண் வெட்டுவது, சலாட் போடுவது, கோப்பை கழுவுவது என் வேலை. சூடான சாப்பாடு பெரிய சமையல்காரியின் வேலை. அவர் நோர்வேஜியப் பெண், என்னிலும் பத்து வயது மூத்தவர்.

அந்த வருடக் கடைசியோடு அவர் ஓய்வு பெற இருந்தார். அவருக்குப் பிறகு யார் சமைப்பது என்று முகாமையாளர் இன்னும் முடிவெடுக்கவில்லை. வெளியிலிருந்து பெட்டிகளில் சாப்பாடு எடுப்பிக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை உலாவியது. அப்படி நடந்தால் எனக்குக் கோப்பை கழுவுவது மட்டும்தான் மிஞ்சும், அதுவும் அரை நாள். எனக்கு அந்த அடுப்பில் விருப்பம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

களஞ்சியத்தில் பத்துப் பதினைந்து பேர் வேட்டைக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து நாலு மணிக்கு, அவர்கள் கொண்டுவரும் இறைச்சியைச் சமைத்துக் கன்ரீனில் எல்லோருமாகச் சாப்பிடுவார்கள். மிஞ்சிய பச்சை இறைச்சியில் எனக்கும் ஒரு பை கிடைக்கும். அப்படித்தான் காட்டு இறைச்சி என் வீட்டுக் குசினிக்குள் வந்தது.

எல்க் என்ற பெரிய மானை ஆட்டிறைச்சி மாதிரிப் பிரட்டினால் கயிறு மாதிரி நிற்கும். மெல்லிய நெருப்பில் இரண்டரை மணித்தியாலம் விட்டால்தான் வழிக்கு வரும். பனிப்பிரதேசத்துக் கலைமானுக்குக் கறித்தூள் குறையப் போடவேண்டும், இல்லையென்றால் அதன் இனிப்புச் செத்துவிடும். காட்டு முயலுக்கு மிளகு. குளிருக்கு வெள்ளையாக மாறும் காட்டுக்கோழியின் நெஞ்சிறைச்சி ஈரல் மாதிரிக் கறுப்பு, அதற்கு வெங்காயம் நன்றாகச் சிவக்கவேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கிப் படித்தது. முதல்தரம் வைத்த எல்க் கறியை என் கணவர் மூன்று நாள் மென்றார்.

அந்த வருடம் ஒருவர் பீவர் கொண்டுவருவதாகச் சொன்னார். மரத்தைக் கடித்து விழுத்தி ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டும் அந்தப் பிராணியைத்தான் சொல்கிறேன். பெரிய சமையல்காரி என்னைக் கூப்பிட்டார். இங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான். அவர்கள் நோர்வேஜியனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"பீவரை நீ செய். உன்ர முறையில செய். முகாமையாளரும் சாப்பிட வாறார்" என்றார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டுத்தான் கலண்டரைப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை கந்தசஷ்டியின் நாலாம் நாள்.

அந்த ஆறு நாளும் எனக்கு ஒருநேரச் சோறுதான், மற்ற நேரம் பாலும் பழமும். வேலையிடத்தில் மற்றவர்களுக்காக இறைச்சி வெட்டினால் அது வேலை. வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு விளக்கேற்றுவேன். வெட்டலாம், கிண்டலாம், வாயில் வைக்க முடியாது. பெரிய சமையல்காரிக்கோ ஒரே ஒரு சட்டம்: ருசி பார்க்காத பானை குசினியை விட்டு வெளியே போகாது.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"மரம் தின்னுற எலியை முருகன்ர விரதத்தில சமைக்கிற ஒரே பொம்பிளை நீராத்தான் இருக்கும்" என்றார்.

"அது எலியில்லை."

"பல்லைப் பாத்தனீரோ? எலிதான். சரி, ருசி ஆர் பாக்கிறது? நான் லீவு போட்டிட்டு வரட்டோ?"

"நீங்கள் வந்தா பானை மிஞ்சாது."

"அப்ப ஏலாதெண்டு சொல்லும். அடுத்த கிழமை எண்டால் செய்வன் எண்டு சொல்லும்."

"இப்ப மாட்டன் எண்டால் பெட்டிச் சாப்பாடுதான் வரும்."

அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

அடுத்த நாள் ரயிலில் யோசித்தேன். என் மாமனாரின் திதிக்கும் அமாவாசைக்கும் இருபத்தைந்து வருடமாகப் படையல் வைக்கிறேன். படைக்கமுன் ஒரு கறியையும் வாயில் வைத்ததில்லை. எங்களில் யாரும் வைப்பதில்லை. அத்தனை வருடத்தில் எனக்கு உப்புப் பிழைத்தது இரண்டே தரம். செத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய மகன்தான் சொன்னார். உப்புப் போதாத குழம்பின் ஆவி மூக்கில் பச்சைத் தண்ணீர் மாதிரிப் படும். உப்புச் சேர்ந்ததும் மல்லி வாசம் எழும்பி வரும். சாமிக்குச் சமைக்கத் தெரிந்த மூக்குக்குப் பீவரும் பிடிபடும் என்று நினைத்தேன். அந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததற்கு எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

புதன்கிழமை அந்த வேட்டைக்காரர் பீவர் துண்டுகளோடு ஒரு வெள்ளை வாளியைக் குசினியில் கொண்டுவந்து வைத்தார். களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் வாகனம் ஓட்டுகிற ஆள், கதவு நிறைந்த உடம்பு. "வாலடிச் சுரப்பியை எடுத்து எறிஞ்சிட்டன், பயப்பிடாதை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது உடைந்து பட்டால் முழு இறைச்சியும் பழுதாம்.

பீவரின் மணம் அதன் கொழுப்பில்தான். நனைந்த பலகையின் மணம். சின்னக் கத்தியோடு இரண்டு மணித்தியாலம் இருந்து கொழுப்பெல்லாம் சீவி எடுத்தேன். எடுக்க எடுக்க எனக்கு ஒரு சந்தேகம். பீவர் கறுத்தச் சிவப்பு என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இது வெளிறி இருந்தது. தட்டில் வைத்தால் எந்த இறைச்சியும் கொஞ்சமாவது சிவப்புத் தண்ணீர் விடும். இதில் கசிந்தது வெறும் கலங்கல். கருவாட்டுக்கு உப்புப் போட்ட மீன் கையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதுவும் உப்புக் கண்ட இறைச்சி என்று கை சொன்னது. மற்றவர்கள் என்றால் ஒரு துண்டைப் பொரித்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வழி இல்லை, கேட்கவேண்டும்.

பன்னிரண்டு வருடத்தில் நான் கன்ரீனைத் தாண்டிக் களஞ்சியத்துக்குள் காலடி வைத்ததில்லை. வாசலில் நின்று, திரும்பிப் போவமோ என்று இரண்டு தரம் நினைத்தேன். வேட்டைக்காரரே என்னைக் கண்டுவிட்டு வாகனத்தை நிறுத்தினார்.

"உப்புத் தண்ணியில போட்டு வைச்சனியோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஒரு இரவு முழுக்க. இரத்தம் போகவேணுமே. நான் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது."

"எவ்வளவு உப்பு?"

அவர் கையைப் பொத்திக் காட்டினார். "இந்தக் கையால நாலு."

நான் என் கையைப் பொத்தி நீட்டினேன். அவர் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப உனக்கு எட்டு."

"ஒம்பது" என்றேன்.

அந்த அளவு இறைச்சிக்கு நான் வழக்கமாகப் போடுவது மூன்று கை. அந்த ஒன்பதில் இரண்டு கையை இறைச்சி ஏற்கெனவே குடித்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். கேட்காமல் விட்டிருந்தால் கடல் தண்ணீரைத்தான் பரிமாறியிருப்பேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள், மிளகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. காட்டு இறைச்சிக்கு இங்கத்தைய ஆட்கள் போடும் கறுத்தச் சின்னப் பழத்திலும் ஒரு பிடி நசித்துப் போட்டேன். கொழுப்பை எடுத்த இறைச்சி வறண்டுபோகும் என்பதால் கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால். பால் கொதித்த பிறகுதான் உப்பு, ஒரு கைக்குச் சற்றுக் குறைய. மூடியைத் திறந்து ஆவியை மணந்தேன். இன்னும் ஒரு சின்னக் கிள்ளு. மறுபடி மணந்தேன். மல்லி எழும்பியது. நெருப்பை அணைத்தேன்.

வேறு யாரையாவது ருசி பார்க்கச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். சொல்லியிருக்கலாம். கூச்சம் ஒரு காரணம். அது என் பானை என்பது மற்றக் காரணம்.

மூன்றரைக்குப் பெரிய சமையல்காரி வந்தார்.

"ருசி பார்த்தியோ?"

"இல்லை."

"அப்ப பார்."

"ஏலாது. நான் விரதம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இறைச்சி வாயில வைக்கக்கூடாது."

அத்தனை வருடமும் விரத நாட்களில் பசியில்லை என்றுதான் அவரிடம் சொல்லிவந்திருக்கிறேன். அவர் பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உப்பு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"முகாமையாளர் வெளியில இருக்கிறார். அது தெரியுந்தானே?"

"ஓம். உப்புச் சரி."

அவர் ஒரு கரண்டி எடுத்து, அள்ளி, ஊதி, வாயில் வைத்தார். உப்பு டப்பா அவருடைய கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது டப்பாவுக்குப் போகவில்லை. புதுக் கரண்டி ஒன்றை எடுத்து இன்னும் ஒருதரம் அள்ளினார்.

"இது ருசி பாக்கிறதில்லை, பசி" என்றார். "நீயே கொண்டு போ."

நானே கொண்டு போனேன். அவித்த கிழங்கோடும் சோற்றோடும் சாப்பிட்டார்கள். முதலில் சத்தம் இருந்தது, பிறகு கரண்டிச் சத்தம் மட்டும். வேட்டைக்காரர் மூன்றாம் தரம் கோப்பையோடு வந்தார்.

"நீ ஏன் சாப்பிடேல்லை? நஞ்சு கிஞ்சு போட்டியோ?"

"முதல்ல ஆர் விழுறதெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றேன்.

மேசை முழுக்கச் சிரித்தது. அந்தக் கன்ரீனில் நான் விட்ட முதல் பகிடி அது.

முகாமையாளர் பாண் துண்டால் கோப்பையைத் துடைத்தபடி, யார் சமைத்தது என்று கேட்டார். பெரிய சமையல்காரி என்னைக் காட்டினார். "ஒரு சொட்டும் வாயில வைக்காமல் சமைச்சவள்" என்றார்.

"வேற என்ன சமைப்பாய்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

வழக்கமாக இப்படியான கேள்விக்கு நான் நிலத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு எல்க், கலைமான், முயல், காட்டுக்கோழி, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மிச்சப் பாணையும் சாப்பிட்டார்.

பானையில் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் கறி என்ன ருசி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கவலையும் இல்லை. வீட்டுக்கு வந்து முழுகி, விளக்கேற்றிக் கும்பிட்டேன். முருகனிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நான் பிழை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிபோல முகாமையாளர் குசினிக்கு வந்து, ஜனவரியிலிருந்து சூடான சாப்பாடு என் பொறுப்பு என்றார். மத்தியானத்துக்கு மீன் உருண்டையும் கரட்டும் கொடுத்தோம்.