மட்டிப்பழ அத்தர்

பயமுறுத்துவதற்காகக் கட்டிச் சொல்கிற கதை இல்லை இது. போன வருஷம் பாறசாலைக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு கான்கிரீட் வார்ப்பு வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. ராத்திரி நடந்திருந்தால் ஜோஸ்னா கனவு என்று விட்டிருப்பாள்.

ஜோஸ்னாவுக்கு முப்பத்து நாலு வயது. நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. அதே வீட்டில்தான் கொழுந்தன் பெண்டாட்டி ஜிஜியும் அவளுடைய ஆறு மாதப் பிள்ளையும் இருந்தார்கள். கொழுந்தன் கத்தாரில்.

ஜிஜி வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். ஜோஸ்னா பிள்ளையைத் தூக்கினால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். உள்ளே போய்ப் பிள்ளைக்கு உடுப்பு மாற்றுவாள். ஜோஸ்னாவின் கை பட்ட உடுப்பு நேரே வாளிக்குள் போகும்.

மாமியார் ரத்னபாய்க்கு அந்த மறைவெல்லாம் கிடையாது.

"தொட்டில் பக்கத்துல நிக்காத மக்கா. பிள்ள நேத்து பூரா கக்கிச்சு. ஒனக்க கண்ணாக்கும்."

ஜோஸ்னாவின் புருஷன் வினீத் அதைக் காதில் வாங்கிக்கொண்டே செருப்பை மாட்டி வெளியே போவான்.

ஓணத்துக்கு முன்னால் நெய்யாற்றின்கரை மைதானத்தில் கண்காட்சி விற்பனை போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் வாளி, நைட்டி, ஊறுகாய். கடைசி ஸ்டாலில் அத்தர். அங்கே இருந்த பெண், கேட்காமலே ஜோஸ்னாவின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சின்னக் குப்பியை உருட்டினாள்.

"இப்ப மோந்து பாக்காதீங்க. தோலுல சூடு பிடிக்கட்டு."

பஸ்ஸில் ஏறினதும் மட்டி வாழைப்பழ மணம் வந்தது. நன்றாகக் கனிந்து, தோல் கறுக்கத் தொடங்கிய மட்டிப்பழம். உதியன்குளங்கரை தாண்டும்போது பழம் அடங்கி, பால் எழுந்தது. அடுப்பில் காயும் பால் இல்லை. இளஞ்சூட்டில், லேசாக இனிக்கிற பால். வீட்டு முக்கில் இறங்கும்போது அதுவும் மாறியிருந்தது. பால் குடித்துத் தூங்கி, வியர்த்துப்போன பிள்ளையின் உச்சந்தலை... அதே மணம்.

ரோட்டோரத்தில் நின்று, மணிக்கட்டை மூக்கோடு அழுத்திக்கொண்டு அழுதாள் ஜோஸ்னா. மறுநாள் போய் அந்தக் குப்பியை வாங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்ததும், ஜிஜியின் மடியிலிருந்த பிள்ளை தலையைத் திருப்பியது. ஜோஸ்னாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. ஜிஜி இழுத்துப் பிடித்தாள். வீடே அதிர அலறியது. ஜோஸ்னா வாங்கியதும் அழுகை பட்டென்று நின்றது. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, ஆழமாக மூச்சு இழுத்தது.

அன்று சாயங்காலம் பிள்ளை பெற்றவளிடம் பால் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை.

ஜோஸ்னாவுக்குக் காரணம் தெரியும். குப்பியை எடுத்து ஓரமாக வைத்திருக்கலாம். அவள் கழுத்திலும் நெஞ்சிலும் கூடுதலாகத் தடவினாள். நெஞ்சில் பால் கட்டி, வலி தாங்காமல் ஜிஜி குளியலறையில் பீய்ச்சிவிட்டு அழுவாள். ஜோஸ்னா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளை அவள் இடுப்பில் இருக்கும்.

"அக்கா, பிள்ளைய ஒண்ணு தாங்க. கெஞ்சிக் கேக்கேன்."

"நான் பிடிச்சா வச்சிருக்கேன்? வந்தா கொண்டு போ."

வராது. இரண்டு பேருக்கும் தெரியும். அந்த எட்டு வருஷத்தில் ஜோஸ்னா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

பிள்ளை மெலிந்தது. புட்டிப்பாலும் இறங்கவில்லை. கண் குழி விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்னபாயும் கூடப் போனாள். வினீத் வேலைக்குப் போயிருந்தான்.

மதியம் வீட்டில் ஜோஸ்னா மட்டும். சோறு வடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம்.

சப்... சப்... சப்...

மணிக்கட்டில் ஈரம். சூடான ஈரம்.

கண்ணைத் திறந்தாள். ஒன்றும் இல்லை.

ஆனால் அது நிற்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் குழிந்தது... எழுந்தது... குழிந்தது...

கையை உதறினாள். பிடி விட்டது.

வட்டமாகச் சிவந்த தடம். ஈறு வைத்து அழுத்திய தடம். எச்சில் விரல் வழியே சொட்டியது.

நாற்காலிக்கு அடியில் ஒரு விம்மல்.

பசித்த விம்மல்...

சோப்புப் போட்டுக் கழுவினாள். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். மணம் போகவில்லை, புளித்தது. தோளில் கக்கிய பால், துடைக்காமல் விட்டால் வருமே, அந்த வாடை. குப்பியைத் திறப்பதையே விட்டாள். ஆனாலும் தினமும் மதியம் ஆனால் தோலுக்கு உள்ளிருந்து பழம் மணக்கத் தொடங்கும். பிறகு பால். பிறகு...

சப்... சப்...

மணிக்கட்டு, கழுத்து, நெஞ்சு. எங்கெல்லாம் தடவினாளோ அங்கெல்லாம். அவளிடம் குடிக்க ஒன்றும் இல்லை. அதற்கு அது புரியவில்லை. தோல் வெடித்து ரத்தம் வரும்வரை இழுத்தது.

அடுத்த வாரம் இடது இடுப்பில் கனம் ஏறியது. கடையில் கூட வேலை செய்கிறவள், "என்ன ஒரு பக்கமா சாஞ்சு நடக்க?" என்று கேட்டாள்.

ஜிஜியின் பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. தாயிடம் பால் குடித்தது. ஜோஸ்னாவைக் கண்டதும் வீறிட்டது. அது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடது இடுப்பைப் பார்த்து அழுதது.

வினீத் கழுத்துத் தடங்களைப் பார்த்தான். "ஆரு செய்தது?" என்று மட்டும் கேட்டான். அவள் சொன்னாள். முழுசாகக் கேட்காமலே பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான்.

கடைசியில் ரத்னபாயிடம் போய் நின்றாள்.

"மாமி, எனக்க இடுப்புல என்னமோ இருக்கு. இறங்க மாட்டேங்கு."

ரத்னபாய் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிள்ள வேணும், பிள்ள வேணும்ணு எட்டு வருஷம் அழுது கரஞ்சியே. கிட்டியாச்சுல்லா? வச்சுக்க."

சொல்லிவிட்டு, ஜிஜியின் அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஜோஸ்னா மைதானத்துக்கு ஓடினாள். கண்காட்சி முடிந்திருந்தது. கம்பு நட்ட குழிகள் மட்டும் கிடந்தன.

திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். புதுசாகக் கல்யாணமானவள். தாலிச் சங்கிலி இன்னும் மினுங்கியது. அவள் ஜோஸ்னாவின் பக்கம் சாய்ந்து மூச்சு இழுத்தாள்.

"நல்ல மணம் சேச்சி. ஏது அத்தர்?"

வேண்டாம் மக்கா என்று சொல்ல ஜோஸ்னாவுக்கு நேரம் இருந்தது. அடுத்த நிறுத்தம் வரும்வரை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையைத் திறந்து குப்பியை எடுத்தாள். அந்தப் பெண் கையை நீட்ட, ஜோஸ்னாவே உருட்டிவிட்டாள்.

"ஒனக்கு நல்லா இருக்கும். வச்சுக்க."

பாறசாலையில் இறங்கும்போது இடுப்பில் கனம் இல்லை.

பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் அந்தப் பெண் மணிக்கட்டை மூக்கில் வைத்திருந்தாள். சட்டென்று குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

ஜோஸ்னா வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அன்று நன்றாகத் தூங்கினாள். காயங்கள் ஆறின. அந்தப் பெண்ணைப் பற்றி நினைக்காமல் இருக்கவும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது.

போன மாதம் ஒரு காலை. கடை திறந்த நேரம். ஜோஸ்னா சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜோஸ்னா சேச்சி."

அதே பெண். கன்னம் ஒட்டி, பாதியாக இளைத்திருந்தாள்.

"நான் தன்யா. இஞ்சிவிளையாக்கும் வீடு." சுடிதார் கையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். தோல் முழுக்கக் காயம். பிறை பிறையாக, புள்ளி புள்ளியாக. "ஒங்க கிட்ட இருந்தப்ப பல் முளைக்கல்ல, இல்லியா?"

ஜோஸ்னா கையிலிருந்த சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "எனக்க பேரு... நான் ஒனக்குச் சொல்லல்லியே..."

"நீங்க சொல்லல்ல. அது பேசத் தொடங்கியாச்சு சேச்சி. முதல்ல பேசினது ஒங்க பேராக்கும். கடைக்க பேரும் அதுதான் சொல்லிச்சு."

"இப்ப... இப்ப அது எங்க?"

தன்யா கையை இறக்கிவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகம்.

"நடக்கப் படிச்சுது. ரெண்டு நாளா எனக்க வீட்டுல இல்ல."